எந்தக் கதையோடு வகுப்புக்குள் போவது? பாலினச் சமத்துவத்துக்கு மூன்று வழிகள்

நடுநிலைப் பள்ளியில் தமிழ் எடுப்பவருக்கு வாரத்தில் ஒரு நூலகப் பாடவேளை கைக்குக் கிடைத்தாலே பெரிது. தேர்வு நெருங்கிவிட்டால் அதையும் கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார். மிச்சமிருக்கிற நேரத்தில், ஆணும் பெண்ணும் சமம் என்பதைக் கதை வழியே பிள்ளைகளிடம் கொண்டுபோக நினைப்பவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. இதற்கென்றே வந்திருக்கும் புதிய படக்கதைகளை வாசித்துக் காட்டலாம். பாடநூலிலும் பாட்டி வாயிலும் இருக்கிற பழைய கதைகளையும் நீதிநூல்களையும் எடுத்து வைத்துக் கேள்வி கேட்கலாம். இல்லாவிட்டால் கதையைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்து மாற்றி எழுதவும் நடிக்கவும் விடலாம். சாதனைப் பெண்களின் வாழ்க்கைக் கதை என்று நான்காவதாக ஒன்றும் உண்டு. நம் பள்ளிகளில் அதிகம் நடப்பது அதுதான். ஆனால் அதன் மேல் எனக்கு நம்பிக்கை குறைவு, காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

என் கட்சியை இப்போதே சொல்லிவிடலாம். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை படக்கதை. ஆறாம் வகுப்பிலிருந்து பழைய நூலும் கேள்வியும். நடுவில் இருக்கிற நான்கும் ஐந்தும் ஆசிரியரைப் பொறுத்தது. எந்த வழியில் போனாலும் கதையில் பையன்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

புதிய படக்கதைகள்

இந்த வழியில் பெரிய வசதி, ஆசிரியர் அதிகம் பேச வேண்டியதில்லை. சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டும் சிறுமி, தோசை வார்க்கும் அப்பா, ஆட்டோ ஓட்டும் அத்தை என்று படம் இருந்தால், ஆறு வயதுப் பிள்ளை எழுத்தைக் கூட்டி வாசிப்பதற்கு முன்பே படத்தை வாசித்து முடித்திருக்கும். 2024-இல் கேரள அரசு வெளியிட்ட மூன்றாம் வகுப்புப் பாடநூலில் சமையலறைப் படம் ஒன்று இருந்தது. வீட்டில் எல்லாரும் வேலை செய்கிறார்கள், அப்பா தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான் படம். அது நாடு முழுக்கச் செய்தியாகிவிட்டது. ஓர் ஆண் தேங்காய் துருவுவது செய்தி என்றால் நம் பாடநூல்கள் அதுவரை எதை வரைந்துகொண்டிருந்தன என்று யோசித்துக்கொள்ளலாம்.

புத்தகம் கிடைக்காது என்ற சாக்கு இப்போது செல்லாது. சென்னையில் 1996-இல் தொடங்கிய துலிகா பதிப்பகம் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் படக்கதைகளைக் கொண்டுவருகிறது. பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-இல் ஆரம்பித்த ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால், உரியவர் பெயரைக் குறிப்பிட்டுவிட்டு அச்செடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், வகுப்புக்கு ஏற்றபடி சுருக்கவும் செய்யலாம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு வாசிப்பு இயக்கம் வழியாக நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்து வந்த சிறு நூல்களும் இருக்கின்றன. பல பள்ளிகளில் அவை பீரோவுக்குள் பத்திரமாக இருக்கின்றன என்பது வேறு விஷயம்.

இந்த வகையில் நல்ல கதை எப்படி இருக்கும் என்பதற்கு வங்க எழுத்தாளர் மகாஸ்வேதா தேவி எழுதிய மொய்னாவின் கதையைச் சொல்லலாம். சபர் பழங்குடிச் சிறுமி. எதைக் கண்டாலும் ஏன் என்று கேட்பாள். தண்ணீருக்கு நான் ஏன் இவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? பண்ணை வீட்டு ஆடுகளை நான் ஏன் மேய்க்க வேண்டும், அவர்கள் வீட்டுப் பையன்கள் மேய்த்தால் என்ன? பெண் என்பதும் ஏழை என்பதும் பழங்குடி என்பதும் அந்தக் கேள்விகளில் தனித்தனியாக இல்லை. "பெண்கள் முன்னேற வேண்டும்" என்ற வாக்கியம் கதையில் வரத் தேவையே இல்லை.

ஆனால் புத்தகத்தை மாற்றினால் பிள்ளையின் மனசு மாறிவிடும் என்று கணக்குப் போடுவது தவறு. ஆஸ்திரேலியாவில் பிரான்வின் டேவிஸ் என்ற ஆய்வாளர் பள்ளிக்குப் போகும் வயதுகூட ஆகாத குழந்தைகளிடம் பெண்ணியக் கதைகளை வாசித்துக் காட்டி, அவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்று கேட்டார். அவர் நூல் 1989-இல் வந்தது. அவர் வாசித்த கதைகளில் ஒன்று, கனடாவின் ராபர்ட் மன்ஷ் 1980-இல் எழுதிய இளவரசிக் கதை. டிராகன் அரண்மனையை எரித்து இளவரசனைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. உடுத்தத் துணிகூட மிஞ்சாத இளவரசி ஒரு காகிதப் பையை மாட்டிக்கொண்டு போய், டிராகனை ஏமாற்றி அவனை மீட்கிறாள். அவனோ, அழுக்காக இருக்கிறாய், ஒழுங்காக உடுத்திக்கொண்டு வா என்கிறான். நீ ஒன்றுக்கும் உதவாதவன் என்று சொல்லிவிட்டு அவள் தன் வழியே போகிறாள். கதை எழுதியவரின் நோக்கத்தில் மறைவே இல்லை. ஆனாலும் கேட்ட குழந்தைகளில் பலர் இளவரசன் பக்கம் நின்றார்கள். அவள் குளித்துவிட்டுப் போயிருக்க வேண்டும் என்பது அவர்களுடைய தீர்ப்பு. நாலு வயதுக்குள் கேட்ட மற்ற கதைகளும், வீட்டில் பார்த்ததும் சேர்ந்து இந்தப் புதுக் கதையைப் பழையபடியே அவர்களுக்குப் புரியவைத்துவிட்டன.

ஆகவே படக்கதை வாசித்துவிட்டு, "இதிலிருந்து நாம் அறியும் நீதி யாது?" என்று கேட்டால் பிள்ளைகள் ஆசிரியருக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். "உனக்கு யாரைப் பிடிக்கலை? ஏன்?" என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும்.

இந்த வகை நூல்களில் இன்னொரு ஓட்டை. தைரியமான சிறுமிகள் நிறைய வந்துவிட்டார்கள். மரம் ஏறுகிறார்கள், விண்வெளிக்குப் போகிறார்கள். தம்பியைக் குளிப்பாட்டும் பையன், பாட்டிக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கும் பையன், பயந்து அழுதும் யாரும் கேலி செய்யாத பையன் எங்கே? பெண் குழந்தையை ஆண் உலகத்துக்குள் அழைத்துப்போகிற கதைகள் நூறு என்றால், பையனைச் சமையலறைக்குள் அழைத்துப்போகிற கதைகள் பத்துக்கூடத் தேறாது என்பது என் அனுபவக் கணிப்பு. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். அந்த ஆய்வு 6 வயதிலிருந்தே கணக்கெடுக்கிறது. நம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அந்தக் கணக்குக்குள் இருக்கிறார்கள். சிறுமி விண்வெளிக்குப் போய்விட்டு வந்தாலும் இந்த 299 குறையாது. பையன் எழுந்து பாத்திரம் தேய்த்தால் குறையும்.

பழைய கதையும் கேள்வியும்

செலவில்லாத வழி இது. புத்தகம் ஏற்கெனவே பிள்ளையின் பையில் இருக்கிறது, பாதி மனப்பாடமாகவும் இருக்கிறது. பாடத்திட்டத்துக்கு வெளியே போகிறீர்கள் என்று தலைமையாசிரியர் சொல்லவும் முடியாது.

பாட்டி வடை சுட்ட கதையை எடுத்துக்கொள்வோம். காலங்காலமாக அதைக் காக்கா, நரி கதையாகவே சொல்கிறோம். புகழ்ச்சிக்கு மயங்காதே என்பது நீதி. நான்காம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள்: வடை யாருடையது? பாட்டியுடையது. பாட்டி ஏன் வடை சுட்டார்? விற்பதற்கு. அப்படியானால் பாட்டி யார்? கொஞ்சம் யோசித்து, "கடைக்காரங்க" என்று ஒரு குரல் வரும். பருப்பு வாங்கி, ஊறவைத்து, ஆட்டுரலில் ஆட்டி, அடுப்பு மூட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு சிறு வியாபாரி. வடை திருட்டுப் போனதும் கதை அவரை அப்படியே விட்டுவிட்டு மரத்தடிக்கு ஓடிவிடுகிறது. நஷ்டம் யாருக்கு? அந்த வயதில் அவர் ஏன் கடை போட்டிருக்கிறார்? இந்தக் கேள்விக்கு வருகிற பதில்களை ஆசிரியர் குறித்து வைத்துக்கொள்ளலாம். "மகன் பாத்துக்கலை", "புருஷன் செத்துட்டார்" என்பார்கள் பலர். "அவங்களுக்குக் கடை வைக்கப் பிடிக்கும்" என்று ஒரு பிள்ளை சொன்னால் அன்றைய வகுப்புக்குக் கிடைத்த லாபம் அது.

அதே வகுப்பில் காக்காவையும் நரியையும் வரையச் சொல்லலாம். நரிக்கு மீசையோ துண்டோ வந்துவிடும். கதையில் அப்படி எதுவும் இல்லையே என்று கேட்டால் சிரிப்பார்கள். நம் குழந்தைக் கதைகளில் சிங்கம் ராஜா, நரி மந்திரி, முயல் அண்ணன். விலங்குகளைக்கூட ஆணாக நினைப்பது நமக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்லை. அமெரிக்காவில் 1900 முதல் 2000 வரை வந்த 6,000-க்குக் கொஞ்சம் குறைவான குழந்தை நூல்களை எண்ணிப் பார்த்த ஓர் ஆய்வு 2011-இல் வெளியானது. ஆண் விலங்கு முக்கியப் பாத்திரமாக வரும் நூல்கள் ஆண்டுக்குச் சராசரியாக 23 சதவீதத்துக்கு மேல், பெண் விலங்கு வருபவை 7.5 சதவீதம். இப்படி எண்ணிப் பார்க்கும் வேலையை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம். தமிழ்ப் பாடநூலில் எத்தனை ஆண், எத்தனை பெண், யார் பேசுகிறார், யார் பரிமாறுகிறார் என்று பென்சிலில் கோடு போட்டுக்கொண்டே போனால் ஒரு பாடவேளையில் முடியும். ஆசிரியர் சொன்னதை நம்பாத பிள்ளைகூடத் தான் எண்ணியதை நம்பும்.

ஏழு, எட்டாம் வகுப்புக்கு நீதிநூல்களே போதும். ஔவையாரின் ஆத்திசூடியில் "தையல் சொல் கேளேல்" என்று ஓர் அடி வருகிறது. பெண் சொல்வதைக் கேட்டு நடக்காதே என்று ஒரு பெண் புலவர் பிள்ளைகளுக்குச் சொல்கிறார். பாரதியின் புதிய ஆத்திசூடியில் "தையலை உயர்வு செய்" என்று இருக்கிறது. இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு ஆசிரியர் சும்மா நின்றால் போதும். யாராவது ஒரு பிள்ளை, "முதல் வரி எழுதினவங்களும் பொம்பளைதானே, அப்ப அவங்க சொல்றதைக் கேக்கணுமா வேணாமா?" என்று கேட்டுவிடும். அதற்கு மேல் பாடக்குறிப்பு எதற்கு?

கொன்றை வேந்தனில் இன்னும் கடுமையான அடி ஒன்று உண்டு: "உண்டி சுருங்குதல் பெண்டிர்க்கு அழகு." குறைவாகச் சாப்பிடுவது பெண்ணுக்கு அழகாம். சத்துணவு சாப்பிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற வகுப்பில், வாரத்துக்கு ஒரு முறை இரும்புச்சத்து மாத்திரை வாங்குகிற பிள்ளைகளிடம் இதைப் பேசலாம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை. வீட்டில் கடைசியில் சாப்பிடுவது யார், குழம்பில் மிச்சமிருக்கிற துண்டு யார் தட்டில் விழுகிறது என்று பேச்சு போகும். அறிவியல் ஆசிரியரையும் அந்த வகுப்புக்கு அழைத்துக்கொள்ளலாம்.

"ஔவையாரையே குறை சொல்றீங்களா?" என்று ஒரு பெற்றோராவது வந்து நிற்பார். அதற்கும் இலக்கியத்துக்குள்ளேயே பதில் இருக்கிறது. ஔவை என்ற பெயரில் ஒருவருக்கு மேல் இருந்திருக்கிறார்கள். சங்ககால ஔவை அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் போனவர். அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்ட, உன் ஆயுதங்கள் பளபளவென்று அழகாக இருக்கின்றன, எங்கள் அரசனுடையவையோ போரிட்டு முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று பாடியது புறநானூற்றின் 95-ஆம் பாடல். புகழ்வது போல மூக்கை உடைத்த பாட்டு. அரசன் ஒருவன் ஒரு பெண்ணின் சொல்லை நம்பித் தூது அனுப்பிய காலமும், பெண் சொல் கேட்காதே என்று எழுதிய காலமும் இதே மொழியில் இருந்தன. எது மாறியது, ஏன் மாறியது என்று கேட்பதற்குப் பெயர் குறை சொல்வதல்ல. தமிழ் ஆசிரியரின் வேலையே அதுதான்.

இந்த வழியில் ஆபத்தும் உண்டு. சின்ன வகுப்பில் இதைச் செய்தால் கேள்வி மறந்துபோய் அடி மட்டும் மனசில் தங்கிவிடும். பழைய வரியை மறுப்பதற்காக நாமே அதை இன்னொரு தலைமுறைக்கு மனப்பாடம் செய்து கொடுத்ததாகிவிடும். இன்னொன்று, ஆசிரியருக்கே இதில் தெளிவு இல்லையென்றால் "அந்தக் காலத்துல ஏதோ அர்த்தத்துல சொன்னாங்க" என்று முடிந்துவிடும். அதற்குக் கேட்காமலே இருக்கலாம்.

மாற்றி எழுதுவதும் நடிப்பதும்

இதில் இரண்டு ரகம். ஆணைப் பெண்ணாக, பெண்ணை ஆணாக மாற்றிப் போடுவது ஒன்று. ராஜாவுக்குப் பதில் ராணி, அரக்கனைக் கொல்ல ராஜகுமாரி. பார்க்கப் புதிதாக இருக்கும், ஆண்டு விழாவில் கைதட்டு விழும். உள்ளே ஒன்றும் மாறியிருக்காது. வாள் எடுத்தவரே வீரர், சமைத்தவர் துணைப் பாத்திரம் என்ற கணக்கு அப்படியே இருக்கும். பையன் சேலை கட்டி மேடைக்கு வந்தால் கூட்டம் எதற்குச் சிரிக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பெண்ணைப் போல நடப்பதே வேடிக்கை என்று அந்தச் சிரிப்பு சொல்கிறது. அதை மேடையேற்றிவிட்டுச் சமத்துவ நாடகம் என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வகுப்பில் தன் உடலையும் பெயரையும் குறித்து ஏற்கெனவே குழம்பி நிற்கிற பிள்ளை யாராவது இருந்தால், அந்தச் சிரிப்பு அதன் மேல்தான் விழும்.

இரண்டாவது ரகம், கதையில் வாயில்லாதவரைப் பேச வைப்பது. வடை திருட்டுப் போன மறுநாள் பாட்டி என்ன செய்தார்? சிங்கத்தின் குகையில் சிங்கத்தின் அம்மா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? ராஜகுமாரியைக் கட்டிக்கொடுப்பதாகத் தண்டோரா போட்ட அன்று அவளிடம் யாராவது கேட்டார்களா? பத்து வரி எழுதச் சொன்னால் போதும். பிழை திருத்தக் கூடாது, குறைந்தபட்சம் அன்றைக்கு. பாட்டி கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உண்டிவில் வாங்கி வைத்தார் என்று எழுதும் பிள்ளையும் வரும், காக்காவுக்குத் தினமும் ஒரு வடை வைத்துவிட்டு மிச்சத்தை நிம்மதியாக விற்றார் என்று எழுதும் பிள்ளையும் வரும்.

படக்கதை, கேள்வி இரண்டையும்விட இதற்கு நேரம் அதிகம் பிடிக்கும். ஒரு பாடவேளையில் எழுதி, அடுத்ததில் வாசித்து, அதற்கடுத்ததில் பேச வேண்டும். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் எல்லார் எழுத்தையும் கேட்க முடியாது. எழுதத் திணறுகிற பிள்ளைகள் பின்தங்கிவிடுவார்கள், அவர்களைச் சொல்ல வைத்து இன்னொருவரை எழுத வைக்க வேண்டும். வீட்டுக் கதை வெளியே வரும்போது எச்சரிக்கையும் தேவை. அப்பா குடித்துவிட்டு வருவது, அம்மா தனியாக இருப்பது எல்லாம் கதை என்ற பெயரில் தாளுக்கு வந்துவிடும். அதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லக் கூடாது.

வாழ்க்கைக் கதைகள் ஏன் போதாது

முத்துலட்சுமி ரெட்டி 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்து, ஆண்கள் மட்டும் படித்த கல்லூரியில் இடம் பெற்று, மருத்துவராகி, 1927-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குள் போனவர். பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை, சந்தேகமில்லை. ஆனால் மகளிர் தினத்துக்கு மகளிர் தினம் இப்படிப்பட்டவர்களை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால், சமமாக நடத்தப்பட ஒரு பெண் அசாதாரணமானவளாக இருக்க வேண்டும் என்று பிள்ளை புரிந்துகொள்ளும். கணக்கில் 42 வாங்கும் சுமாரான பையனுக்கு வீட்டில் மீன் துண்டு கேட்காமலே கிடைக்கிறது. கணக்கில் 42 வாங்கும் சுமாரான பெண்ணுக்கும் கேட்காமலே கிடைக்க வேண்டும். வாழ்க்கை வரலாறு இதைச் சொல்லாது, சாதாரணச் சிறுமி வரும் கதைதான் சொல்லும்.

கையில் எது இருக்கிறதோ அதை வைத்து

ஈராசிரியர் பள்ளி, ஐந்து வகுப்பும் ஒரே கூடத்தில் என்றால் படக்கதையை உரக்க வாசிப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். எல்லா வயதும் சேர்ந்து கேட்கலாம், பெரிய பிள்ளைகளிடம் மட்டும் பிறகு பேசலாம். இலக்கியத்தில் ஊறிய தமிழ் ஆசிரியர் இருக்கிற பள்ளி, நூலகத்துக்குக் காசு ஒதுக்காவிட்டாலும் ஆத்திசூடியை வைத்தே ஓராண்டு ஓட்டிவிடலாம். மாற்றி எழுதுவதற்குக் கோடை முகாமோ, தேர்வு முடிந்த ஏப்ரல் நாட்களோ பொருத்தம். பருவத்தின் நடுவில் தொடங்கினால் பாதியில் நின்றுவிடும்.

ஒன்றை மட்டும் எந்த வழிக்கும் முன்பாகச் சரிசெய்துவிட வேண்டும். விழா என்றால் மாணவிகள் கோலம் போட்டுத் தாம்பூலத் தட்டு ஏந்தி வாசலில் நிற்க, மாணவர்கள் பெஞ்சு தூக்கி மைக் கட்டும் பள்ளியில் மொய்னாவை வாசித்தால் பிள்ளைகள் வாய்க்குள் சிரிப்பார்கள். வருகைப் பதிவேட்டில் பையன்கள் பெயர் முழுக்க முடிந்த பிறகே பெண் பிள்ளைகள் பெயர் தொடங்கும் வழக்கமும் பல பள்ளிகளில் இருக்கிறது. அகர வரிசையில் கலந்து எழுத ஒரு நாள் போதும். வகுப்பறை பெருக்கும் முறைப்பட்டியலில் பையன்கள் பெயர் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடலாம்.

நூலகத்துக்குச் சிறு தொகை வந்து ஐந்து புத்தகம் மட்டும் வாங்கலாம் என்றால் என் தேர்வு இப்படி இருக்கும்: வீட்டு வேலை செய்கிற ஆணோ பையனோ வரும் நூல்கள் இரண்டு, சாதாரணச் சிறுமி தன் பாட்டுக்குக் குறும்பு செய்யும் நூல்கள் இரண்டு, பெண் விலங்கு வரும் நகைச்சுவைக் கதை ஒன்று. பின்னட்டையில் நீதி அச்சடித்திருக்கும் நூலைக் கடையிலேயே வைத்துவிடலாம். வாங்கியவற்றைப் பீரோவில் பூட்டாமல் சணல் கட்டித் தொங்கவிடுங்கள். கிழியும். கிழிந்தால் பசை இருக்கிறது.